கேட்டுவிட்டுத்தான் கொடுக்கும்

வயலில் போடுகிற எந்தக் கழிவும் முதலில் மண்ணிடம் கேட்கும்; பிறகுதான் கொடுக்கும். வைக்கோல் நிறையக் கேட்கும். ஆட்டுப் புழுக்கை கொஞ்சமாகக் கேட்கும். பசுந்தாள் உரமாக மடக்கி உழும் இளம் தக்கைப்பூண்டு கேட்பதே தெரியாது. காவிரிப் பாசனத்தில் சம்பாவும் அதன் பின்னால் உளுந்தும் போடுகிற எனக்கு, எருவைப் பற்றித் தெரிந்ததெல்லாம் இந்த ஒன்றிலிருந்து கிளைத்ததுதான். எதை எப்போது போட்டால் அது கேட்பதைப் பயிர் இல்லாத நாளில் கேட்டு முடித்து, கொடுப்பதைப் பயிர் நிற்கும் நாளில் கொடுக்கும்? எரு வைக்கிற வேலை முழுக்க இந்தக் கேள்விக்குள் அடக்கம்.

காரணம் எளிது. மக்க வைப்பது மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள். அவற்றுக்குக் கார்பன் சோறு என்றால் தழைச்சத்து குழம்பு. வெறும் சோறு இறங்காது. ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25 பங்கு வரை கார்பன் இருக்கிற கழிவென்றால் அதிலிருப்பதே அவற்றுக்குப் போதும். நெல் வைக்கோலில் அது 60, 70, சில சமயம் 80 பங்கு. மரத்தூளில் பல நூறு. குறைகிற தழைச்சத்தை நுண்ணுயிர்கள் மண்ணிலிருந்து இழுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் நாற்று நட்டிருந்தால் அது பட்டினி கிடந்து மஞ்சளாகும். "எருப் போட்டும் பயிர் எழும்பலையே" என்று வரப்பில் நின்று வருத்தப்படுகிறவர்களிடம் நான் கேட்பது, போட்டு எத்தனை நாளில் நட்டீர்கள் என்பதைத்தான். இழுத்துக்கொண்டது எங்கும் போய்விடவில்லை. அந்த உயிர்கள் செத்து மடியும்போது திரும்பி வரும். பயிர் அதுவரை காத்திருக்காது என்பதுதான் சிக்கல்.

அதனால்தான் எருக்குழி. வயலில் கேட்க வேண்டியதைக் குழியிலேயே கேட்டு முடித்துக்கொள்ளட்டும் என்பதற்காக நம் முன்னோர் ஏற்படுத்தி வைத்த இடம் அது. எங்கள் பக்கம் பல வீடுகளில் குழி இருக்கிறது. ஆனால் கொட்டுகிறார்களே தவிர மக்க வைப்பதில்லை. சாணம் ஒரு பக்கம், அடுப்புச் சாம்பல் ஒரு பக்கம், மாடு தின்று கழித்த கூளம் ஒரு பக்கம் என்று கிடக்கும். ஐப்பசி மழை முழுக்க அதன் தலையில் பெய்து, அடியில் பழுப்பாக ஒரு தண்ணீர் ஓடும். கரைகிற சத்தெல்லாம், முக்கியமாகச் சாம்பல்சத்து என்கிற பொட்டாசியம், அந்தத் தண்ணீரில்தான் போகிறது. குழிக்கு மேல் நாலு கீற்று போடுவதைவிட மலிவான உர முதலீடு எனக்குத் தெரிந்து வேறில்லை.

சாணத்தைவிட மூத்திரம் முக்கியம் என்றால் பலரும் நம்புவதில்லை. மாடு வெளியேற்றும் தழைச்சத்தில் பாதிபோல மூத்திரத்தில்தான் இருக்கிறது. சாம்பல்சத்தில் பெரும்பகுதியும் அதில்தான். கொட்டிலுக்கு சிமெண்டுத் தரை போட்டு, சாய்வு வைத்து, குழாய் இறக்கி, அத்தனையையும் சாக்கடைக்கு அனுப்பிவிட்டு, எஞ்சிய சாணத்தை மட்டும் எரு என்று வண்டியேற்றுகிறோம். என் கொட்டிலில் ராத்திரி மாடு படுக்கிற இடத்தில் கூளமும் காய்ந்த மண்ணும் பரப்பி வைப்பேன். காலையில் நனைந்து கனத்த அந்தக் கூளம்தான் குழிக்குப் போகும் முதல் அடுக்கு. கூளத்தில் கார்பன், மூத்திரத்தில் தழைச்சத்து. ஒன்றின் குறையை ஒன்று தீர்த்துவிடும்.

குவியல் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க ஒரு கடப்பாரை போதும். நடுவில் ஆழமாகச் செருகிச் சற்று நேரம் விட்டு உருவுங்கள். முனையைப் பிடிக்க முடியாமல் சுட்டால் வேலை நடக்கிறது. அந்தச் சூட்டில்தான் களை விதை சாகும். சூடே இல்லாமல் முனை காய்ந்து வந்து, உள்ளே கூளம் சாம்பல் பூத்தாற்போல வெளுத்திருந்தால் தண்ணீர் போதவில்லை. கடப்பாரையில் அழுகின முட்டை நாற்றம் வந்தால் காற்று இல்லை; புரட்ட வேண்டும். கண்ணைக் கரிக்கிற நெடி வந்தால் தழைச்சத்து ஆவியாகப் போய்க்கொண்டிருக்கிறது. உடனே காய்ந்த சருகோ மண்ணோ போட்டு மூட வேண்டும். ஈரத்துக்குக் கைதான் அளவுகோல். ஒரு பிடி அள்ளி இறுக்கினால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு எட்டிப் பார்க்க வேண்டும், வழியக்கூடாது. புரட்டும்போது கட்டைவிரல் தடிமனுக்கு வெள்ளையாகச் சுருண்டு கிடக்கும் காண்டாமிருக வண்டின் புழுக்களைப் பொறுக்கிக் கோழிக்குப் போட்டுவிட வேண்டும். தென்னை வைத்திருப்பவர்கள் இதை மறக்கவே கூடாது. கடைசியில் ஒரு நாள் அள்ளும்போது எது வைக்கோல், எது சாணம் என்று அடையாளம் தெரியாது. புதுமழை பட்ட மண் வாசனை வரும். சூடு இருக்காது. அப்போதுதான் அது எரு.

இந்த முறையை எழுத்தில் ஒழுங்குபடுத்தியவர்களில் ஆல்பர்ட் ஹோவர்ட் முக்கியமானவர். 1905இல் பூசா வேளாண் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்த ஆங்கிலேயத் தாவரவியலாளர், 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்து செய்ததுதான் இந்தூர் முறை என்று இன்றும் பெயர் பெற்றிருக்கிறது. கழிவை அடுக்கடுக்காகப் போட்டு, மூத்திரம் ஊறிய மண்ணும் மரச்சாம்பலும் சேர்த்து, மூன்று முறை புரட்டி, மூன்று மாதத்தில் எருவாக்குவார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது ஒரு சின்ன ஏற்பாடு. பருத்தி மார், துவரை மார் போன்ற கட்டைகளை மக்க வைப்பது கஷ்டம் என்று பண்ணைச் சாலையில் பரப்பி வைத்தார். போகிற வருகிற வண்டிகளின் சக்கரம் அதை நசுக்கிக் கொடுத்தது. பிறகு மாட்டுக்குப் படுக்கையாக்கினார். செலவில்லாமல் காரியம் முடிந்தது. இந்திய உழவர்களைத் தன் ஆசிரியர்கள் என்று வெளிப்படையாகச் சொன்னவர் அவர். அந்த மரியாதையை நம் உழவர்களே தங்கள் எருக்குழிக்குக் கொடுக்காமல் இருப்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

வைக்கோலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். காவிரி டெல்டாவில் இன்று அதிகமாக வீணாகும் உரம் அதுதான். நெற்பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் சாம்பல்சத்தில் ஐந்தில் நான்கு பங்கு வைக்கோலில் நிற்கிறது, நெல்லில் அல்ல. ஒரு டன் வைக்கோலில் 14, 15 கிலோ பொட்டாசியம் இருக்கும். ஏக்கருக்கு இரண்டு டன் வைக்கோலைக் கட்டி லாரியேற்றினால் ஒரு மூட்டைக்குக் குறையாத பொட்டாஷ் வயலைவிட்டுப் போகிறது என்று கணக்கு. நாம் கடையில் வாங்கும் பொட்டாஷோ ஏறக்குறைய முழுவதும் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருவது. அறுவடை இயந்திரம் போன கையோடு வைக்கோல் கட்டும் இயந்திரம் வந்துவிடுகிறது. கட்டுக்கு இவ்வளவு என்று கையில் காசு கிடைக்கிறது. விற்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். மாடு வளர்க்கிற ஊர்களுக்கு அது தீவனம். ஆனால் எதை விற்கிறோம் என்று தெரிந்து விற்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கை வயலிலேயே விடுவது என் வழக்கம்.

எரிப்பது இதைவிட மோசம். சாம்பலில் பொட்டாஷ் தங்கிவிடும் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். பெரும்பகுதி தங்கும், உண்மைதான். ஆனால் தழைச்சத்து அநேகமாக முழுவதும் புகையோடு போய்விடும். கார்பனும் கந்தகமும் போகும். மண்ணுக்கு உயிர் கொடுக்க வேண்டிய பொருளை ஒரு மாலைப் பொழுதில் கொளுத்துவதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது.

விட்ட வைக்கோலை என்ன செய்வது? இங்கேதான் காலக்கணக்கு. நடவுக்கு முந்தின வாரம் தண்ணீர் கட்டி, தாளோடு வைக்கோலையும் சேற்றில் அமுக்கினால், கேட்கிறதெல்லாம் நாற்றின் வேரிடம்தான் கேட்கும். தண்ணீருக்குள் காற்றில்லாமல் அழுகுவதால் மீத்தேன் கிளம்பும், வேர் கறுக்கும். சித்திரையில் ஒரு கோடை மழை விழுமே, அந்த ஈரத்தில் சுழல் கலப்பை விட்டு மேல்மண்ணோடு கலந்துவிட வேண்டும். மண் ஈரமாக இருக்க வேண்டும், நனைந்து நிற்கக்கூடாது. நாலு வாரமாவது காற்றோட்டத்தில் கிடந்தால் அதன் பசி அடங்கிவிடும். ஆற்றில் தண்ணீர் வரும்போது வயலில் வைக்கோல் இருந்த சுவடே இருக்காது.

உளுந்து எடுத்த பிறகு ஆட்டுக் கிடை வரும். ராமநாதபுரம், சிவகங்கைச் சீமையிலிருந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு கீதாரிகள் தலைமுறை தலைமுறையாக இந்தப் பக்கம் வருகிறார்கள். பகலில் தரிசு மேயும்; ராத்திரி நம் வயலில் மறிப்பார்கள். ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம் என்று சொல்வதில் பொய்யில்லை. புழுக்கையில் தழைச்சத்து மாட்டுச் சாணத்தைவிட அதிகம், மக்குவதும் வேகம். அதோடு மூத்திரம் நேராக மண்ணில் இறங்குகிறது. வண்டிக் கூலி இல்லை, இறைக்கும் கூலி இல்லை. மறித்த இடத்தை மறுநாளோ அதற்கடுத்த நாளோ உழுதுவிட வேண்டும். வெயிலில் போட்டு வைத்தால் பாதிச் சத்து காற்றுக்குத்தான்.

எங்கே எத்தனை ராத்திரி மறிப்பது என்பதில் கீதாரிகளின் கண் என் கண்ணைவிடக் கூர்மை. போன கோடையில் ஒருவரிடம், "கீதாரி, மேட்டு வயல்ல ரெண்டு ராத்திரி சேத்து மறிங்க, பள்ளத்து வயலுக்கும் ஒரு ராத்திரி வேணும்" என்றேன். அவர் பள்ளத்துப் பக்கம் பார்த்துவிட்டு, "அங்க இந்த வருஷம் வேணாம்ங்கய்யா. நான் மறிச்ச வயல்தானே, பயிரு கருகருன்னு நின்னுச்சாமே, கேள்விப்பட்டேன். இன்னொரு தடவ மறிச்சா சாஞ்சுரும்" என்றார். தழைச்சத்து மிஞ்சினால் நெல் சாயும், இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் தேடி வரும். இயற்கை எரு எவ்வளவு போட்டாலும் கெடுதல் இல்லை என்று பேசுகிறவர்கள் அந்தக் கீதாரியிடம் ஒரு நாழிகை பேச வேண்டும்.

எனக்கு எல்லாவற்றிலும் பிரியமானது தக்கைப்பூண்டு. மேட்டூர் அணை திறப்பது ஜூன் 12 என்பது வழக்கம். கடைமடைக்குத் தண்ணீர் வர இன்னும் நாளாகும். கோடை மழை ஈரத்திலோ, முதல் தண்ணீரிலோ ஏக்கருக்கு 20 கிலோ விதையைத் தெளித்துவிட்டால் போதும். தண்ணீர் தேங்கினாலும் நிற்கும், களர் மண்ணிலும் வரும். அது வளர்வதைப் பார்ப்பதே சந்தோஷம். மூன்றாம் வாரத்துக்குப் பிறகு ஒரு செடியை மண்ணோடு பெயர்த்து வேரைத் தண்ணீரில் அலசிப் பாருங்கள். கடுகும் மிளகும் கோத்தாற்போல முடிச்சுகள். ஒன்றை நகத்தால் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பு. அந்த நிறம் இருந்தால் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் வேலை நடக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் நடக்கவில்லை. பல காலம் பயறு வகையே போடாத வயலில் அப்படி வரும். அங்கே விதையோடு அந்த வேலையைச் செய்யும் ரைசோபியம் நுண்ணுயிரைக் கலந்து விதைக்க வேண்டும்.

45 நாள் அளவில், முதல் பூ தலைகாட்டும்போது மடக்கி உழ வேண்டும். நாளைவிடத் தண்டை நம்புவேன். பாதிக்கு மேல் பிடித்து வளைத்தால் சட்டென்று ஒடிய வேண்டும். நார் இழுத்துக்கொண்டு தொங்கினால் காலம் கடந்துவிட்டது. அதற்குப் பிறகு அதுவும் வைக்கோல் மாதிரி கேட்க ஆரம்பித்துவிடும். நல்ல வயலில் ஏக்கருக்கு எட்டு டன்வரை பச்சைத் தழை கிடைக்கும். அதிலுள்ள தழைச்சத்து 40 கிலோ அளவு, ஏறக்குறைய இரண்டு மூட்டை யூரியாவில் இருப்பது. எல்லாமே அந்தப் போகத்துப் பயிருக்குக் கிடைத்துவிடாது என்றாலும் கண்ணெதிரே தெரியும் அளவுக்குக் கிடைக்கும்.

மடக்கி உழுது மெல்லிசாகத் தண்ணீர் வைத்தால் இரண்டாம் மூன்றாம் நாளில் சேற்றில் கால் வைக்கும் இடமெல்லாம் குமிழி வரும். தண்ணீர் கறுத்துத் தேநீர் நிறத்துக்கு மாறும். ஒரு வாரம் அப்படியே விட்டு, ஒரு முறை தண்ணீரை வற்றவிட்டு, பிறகு பரம்படித்து நடுவேன். வற்றவிடாமல் நட்டு, மேலும் மேலும் தண்ணீர் கட்டினால் வேரைச் சுற்றிக் கறுப்பு படியும். பிடுங்கிப் பார்த்தால் அதே அழுகின முட்டை நாற்றம். மயிரிழை வெடிப்பு தெரியும் அளவுக்குக் காயவிட்டால் வெள்ளை வேர் திரும்ப ஓடும்.

இது சம்பாவுக்கு ஏற்ற வழி. சி.ஆர். 1009 போல 155, 160 நாள் நிற்கிற நெல்லுக்கு, மெதுவாகக் கொடுக்கும் எருவும் பசுந்தழையும் பொருத்தம். குறுவை ரகம் 110 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். அதன் அவசரத்துக்கு எரு ஈடு கொடுக்காது. குறுவைக்குத் தேவைப்படுவதில் பெரும்பகுதியை முந்தைய வருஷங்களில் போட்டு மண்ணில் சேர்த்து வைத்திருக்க வேண்டும்.

வெளியிலிருந்து வாங்கும் கழிவுகள் எனக்கு இரண்டாம்பட்சம்தான். சர்க்கரை ஆலையின் வடிகட்டிக் கழிவு நல்ல பொருள். மணிச்சத்தும் சுண்ணாம்பும் கந்தகமும் உள்ளது. ஆனால் லாரியிலிருந்து இறக்கிய புதுக் குவியலில் கை வைக்க முடியாத சூடு இருக்கும், மெழுகுச் சத்து வேறு. ஒரு மழைக்காலம் கிடக்கவிட்டுத்தான் வயலுக்குக் கொண்டுபோவேன். தென்னை நார்க்கழிவை அப்படியே போடவே கூடாது. ஒரு பங்கு தழைச்சத்துக்கு நூறு பங்குக்கு மேல் கார்பனும், எளிதில் சிதையாத லிக்னினும் உள்ளது. ஒரு டன்னுக்கு ஐந்து கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காகத் தூவி மக்க வைக்கும் முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. அதைச் செய்துவிட்டுப் போடலாம்.

வாய்க்காலை அடைத்துக் கிடக்கும் ஆகாயத்தாமரையைக் கரையில் அள்ளிப் போட்டுவிட்டுப் போகிறார்களே, அதை யாரும் சீண்டுவதில்லை. அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். இரண்டு நாள் வாடவிட்டு, நறுக்கி, சாணக் கரைசல் தெளித்து வைக்கோலோடு அடுக்கினால் அருமையான எரு. சாம்பல்சத்து அதில் தாராளம். பூத்து விதை விடுமுன் அள்ளியதாக இருக்க வேண்டும். சாக்கடையோ ஆலை நீரோ கலக்கும் வாய்க்காலில் வளர்ந்ததைத் தொடமாட்டேன். தண்ணீரிலுள்ள கன உலோகங்களை அது உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நகரக் குப்பை எருவிலும் இதே பயம். காய்கறிச் சந்தைக் கழிவை மட்டும் தனியாகப் பிரித்து மக்க வைத்ததென்றால் சந்தோஷமாக வாங்குவேன். பேட்டரியும் பெயிண்ட் டப்பாவும் ஷாம்பூ உறையும் கலந்து பிறகு சலித்ததென்றால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். ஈயம் மக்காது. ஒரு முறை வயலில் இறங்கினால் அள்ள முடியாது.

அளவைப் பற்றி யாரும் மனம்விட்டுப் பேசுவதில்லை. ஏக்கருக்கு ஐந்து டன் தொழு உரம் என்பது பல்கலைக்கழகப் பரிந்துரை. நாளைக்குப் பத்து கிலோ சாணம் போடும் நாட்டு மாடு வருஷத்துக்கு மூன்றரை டன் பச்சைச் சாணம் கொடுக்கும். மக்கினால் பாதிக்கும் கீழே வந்துவிடும். கூளமும் சருகும் சேர்த்தால்கூட ஒரு ஏக்கருக்கு இரண்டு மாடாவது வேண்டும். இன்று எத்தனை வீட்டில் இருக்கிறது? 1843இல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட்டில் தொடங்கி இன்றுவரை நடக்கும் பிராட்பாக் கோதுமைச் சோதனையில், தொழு உரம் மட்டும் பெற்ற பாத்தி இரசாயன உரம் பெற்ற பாத்திகளுக்குச் சமமாகப் பல பத்தாண்டுகள் விளைந்தது. ஆனால் அங்கே போடுவது வருஷாவருஷம் ஹெக்டேருக்கு 35 டன். எரு செய்யுமா என்ற சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிட்டது. எவ்வளவு கிடைக்கும், எவ்வளவு காலம் கொடுப்போம் என்பதே மிச்சம்.

2021இல் இலங்கையில் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கிறது. மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்கு ஒரேயடியாகத் தடை. நவம்பரில் தடை விலக்கம். இடையில் பெரும்போகத்துக்கு நிலத்தைத் தயார் செய்ய வேண்டிய உழவர்கள் கையில் எருவும் இல்லை, மூட்டையும் இல்லை. இயற்கை உரத்தின் பெயரால் அந்த மக்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி அது. எருக்குழியை ஒருநாள்கூடப் பார்த்திராதவர்கள்தான் ஒரு போகத்தில் ஒரு தேசத்தை மாற்றிவிடலாம் என்று நினைப்பார்கள். குழிக்கே மூன்று மாதம் வேண்டும். மண்ணுக்கு வருஷங்கள்.

அதனால் நான் யூரியாவை முழுக்க விட்டவன் அல்ல. விட்டதாகச் சொல்லிக்கொள்வதும் இல்லை. மூட்டையைக் குறைத்திருக்கிறேன். மேலுரம் இடுவதென்றால் யூரியா ஐந்து பங்கு, ஜிப்சம் நான்கு பங்கு, வேப்பம் புண்ணாக்கு ஒரு பங்கு கலந்து ஒரு ராத்திரி வைத்திருந்து தூவுவேன். தழைச்சத்து மெதுவாகக் கரையும். எப்போது தூவுவது என்பதை நாட்காட்டி சொல்வதில்லை, இலை வண்ண அட்டை சொல்லும். நட்ட 14ஆம் நாளிலிருந்து வாரம் ஒரு முறை, உச்சியில் முழுசாக விரிந்த இலையை, என் நிழல் அதன்மேல் விழும்படி நின்று அட்டையோடு ஒப்பிடுவேன். நிறம் அட்டையிலுள்ள எண் நான்குக்குக் கீழே இறங்கினால் தூவுவது. இல்லையென்றால் அந்த வாரம் மூட்டையைப் பிரிப்பதில்லை. வெள்ளைப் பொன்னி ரகத்துக்கு மட்டும் மூன்று. தக்கைப்பூண்டு மடக்கிய வயலும் கிடை மறித்த வயலும் மற்ற வயல்களைவிட நாள் கடந்துதான் நான்குக்குக் கீழே இறங்குகின்றன.

எருவின் பலன் நெல்லைவிட உளுந்தில்தான் நன்றாகத் தெரிகிறது. சம்பா அறுப்பதற்கு ஒரு வாரம் பத்து நாளுக்கு முன் நிற்கும் பயிருக்குள் தெளிக்கிற உளுந்துக்கு நாம் தண்ணீர் காட்டுவதில்லை, உரம் வைப்பதில்லை. மண்ணில் மிஞ்சிய ஈரமும் பனியும்தான் அதற்குச் சீவனம். மாசி மத்தியான வெயிலில் வரப்போரம் நடந்தால், எரு காணாத வயலில் உளுந்து இலை பதினொரு மணிக்கே துவண்டு தலையைத் தொங்கப் போட்டிருக்கும். வருஷக்கணக்காக எரு வாங்கிய வயலில் இரண்டு மணிவரை விரிந்தே நிற்கும். அறுவடை இயந்திரத்தின் சக்கரத் தடத்தில்கூட வெடிப்பு குறைவு. காய் கடைசிக் கொத்துவரை பிடிக்கிறது. இந்த வருஷம் கிடையும் தழையும் எந்த வயலுக்கு என்று பிரிக்கும்போது, நெல் எடை எழுதிய நோட்டோடு உளுந்து எடையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் உட்காரப்போகிறேன்.